புகாருக்குப் போகிற தண்ணீர்

அப்பா அமராவதி அணையில் லஸ்கர். வாய்க்கால் கரையோரம் சைக்கிளில் போய்வருவது, மதகின் ஷட்டரைச் சாவி போட்டு ஏற்றி இறக்குவது, அளவுகோலில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து நோட்டில் குறிப்பது, இவைதான் அவர் வேலை. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது ஒருநாள் கேட்டேனாம்: "இந்தத் தண்ணி எங்கப்பா போகுது?" கல்லாபுரம், கொமரலிங்கம், சோழமாதேவி, கணியூர், தாராபுரம், கரூர் என்று ராஜவாய்க்கால் ஊர்களையும் ஆற்றோர ஊர்களையும் கலந்து சொல்லிக்கொண்டே போய், "கடைசில பூம்புகாருக்குப் போகுது கண்ணு" என்று முடித்தாராம்.

லஸ்கர் என்ற சொல்லின் கதை பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. பாரசீகத்தில் படை என்று பொருள்பட்ட சொல். ஐரோப்பியர் கப்பல்களில் கூலிக்கு ஏறிய நம் நாட்டு மாலுமிகளுக்குப் பெயராகி, அங்கிருந்து பொதுப்பணித்துறைக்கு வந்து வாய்க்கால் காவலரிடம் நின்றுவிட்டது. பூம்புகார்க் கடலில் இருந்து ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் உள்ளே, ஆனைமலை அடிவாரத்தில், கடலையே பார்த்திராத என் அப்பா கப்பல்காரனின் பெயரைச் சுமந்துகொண்டு முப்பது வருடம் வேலை பார்த்தார். ஒரு பெயர் எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதை முதலில் எனக்குக் காட்டியது அதுதான்.

நான் பூம்புகாரை முதன்முதலில் பார்த்தது 1981இல், பள்ளிச் சுற்றுலாவில். அப்போது எங்கள் ஊர் கோயம்புத்தூர் மாவட்டம், பூம்புகார் தஞ்சாவூர் மாவட்டம். வழியில் இறங்கிச் சாப்பிட்ட ஊர் மாயூரம். பெரியவர்கள் வாயில் மாயவரம். மறு வருடம் அது மயிலாடுதுறை ஆனது. பிறகு 1991இல் பூம்புகார் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போனது, 2020இல் மயிலாடுதுறை மாவட்டம் தனியாகப் பிரிந்தது. இடையில் 2009இல் நாங்களும் திருப்பூர் மாவட்டத்துக்கு வந்துவிட்டோம். ஆற்றின் இரண்டு முனைகளும் இப்படிப் பெயர் மாறிக்கொண்டிருந்த காலம் முழுவதும் தண்ணீர் மட்டும் அதே வழியில் போனது. கரூருக்குக் கிழக்கே திருமுக்கூடலூரில் அமராவதி காவிரியோடு சேரும். முக்கொம்பு, கல்லணை, மயிலாடுதுறை தாண்டி, பூம்புகாருக்குப் பக்கத்தில் மேலையூர் கடைமுகத் தடுப்பணை. காவிரியின் கடைசி மதகு அதுதான்.

1981இல் எங்களைக் கூட்டிப்போனது சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்கு. 1973இல் திறந்த ஏழுநிலை மாடம் அப்போது புதுக் கருக்கு மாறாமல் இருந்தது. சுவர்களில் கண்ணகி கதை சொல்லும் 49 கற்சிற்பப் பலகைகள். கைகளால் தடவிப் பார்த்தோம். பிறகு கடற்கரையில் நிறுத்தி, "பழைய ஊர் அதோ, அந்தத் தண்ணிக்குள்ள இருக்கு" என்றார் ஆசிரியர். நாற்பது பிள்ளைகளும் அலையைப் பார்த்தோம். எவருக்கும் எதுவும் தெரியவில்லை. அங்கிருந்து சற்று உள்ளே கீழையூரில், மண்ணைத் தோண்டி வெளியே எடுத்த உண்மையான படகுத்துறை ஒன்று இருந்ததை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. 1970களில் கட்டிய மாடத்தைப் பார்த்துவிட்டு, இரண்டாயிரம் ஆண்டுப் பழைய துறையைப் பார்க்காமல் பஸ் ஏறினோம். இன்று வருகிறவர்களிலும் பெரும்பாலோர் அப்படித்தான் திரும்புகிறார்கள்.

கீழையூரில் கிடைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும். 1960களின் தொடக்கத்திலிருந்து இந்தியத் தொல்லியல் துறை காவிரிப்பூம்பட்டினத்தில் அகழாய்வு செய்தது, கே.வி.சௌந்தரராஜன், கே.வி.ராமன் போன்றவர்கள் உழைத்த பணி. 1963 முதல் 1973 வரையிலான வேலைக்கு 1994இல்தான் முழு அறிக்கை வெளியானது. கீழையூரில் ஒரு செங்கல் மேடை, அதை ஒட்டித் தண்ணீருக்குள் நட்ட மரக் கம்பங்கள். படகைக் கட்டும் கம்பங்கள். அந்த மரத்தைக் கரிமக் கணக்கில் பார்த்தபோது ஏறத்தாழ கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்று வந்தது. வானகிரியில் ஆற்றுநீரை உள்ளே வாங்கும் நீர்த்தேக்கம் ஒன்று. பல்லவனீச்சுரத்தில் பௌத்த விகாரையின் அடித்தளமும் புத்தரின் பாதம் செதுக்கிய கல்லும். மூன்றும் மூன்று ஊர்களில். காவிரிப்பூம்பட்டினம் என்ற ஒரே நகரம் இன்று மேலையூர், கீழையூர், வானகிரி, சாயாவனம், பல்லவனீச்சுரம் என்று சிதறி, வயலுக்கும் மூங்கில் புதருக்கும் நடுவே தனித்தனி வேலிகளுக்குள் நிற்கிறது. துண்டு துண்டாக வேலி போட்டதால் எது நகரம் என்பதே கண்ணுக்குத் தெரிவதில்லை.

பெயருக்கு வருகிறேன். இந்த ஊருக்குப் பெயர்ப் பஞ்சம் என்றைக்குமே இருந்ததில்லை. புகார் என்றால் ஆறு கடலில் புகும் இடம். காவிரிப்பூம்பட்டினம் என்றும் வழங்கியது. மணிமேகலை சம்பாபதி, காகந்தி என்ற பழம்பெயர்களையும் சொல்கிறது. கிரேக்க நூலான பெரிப்ளூஸில் வரும் கமரா இந்த ஊர்தான் என்று பலரும் கொள்கிறார்கள். தாலமி எழுதிய கபேரிஸ் காவிரியின் பெயரேதான். பாலி மொழியில் எழுதிய புத்ததத்தர் தங்கியிருந்த ஊர் அவர் நூல்களில் காவீரபட்டனம். 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுத் தற்காலிகப் பட்டியலுக்கு இந்தியா அனுப்பிய பட்டுப்பாதை இடங்களில் அரிக்கமேட்டோடு இதுவும் சேர்ந்தது. அங்கே இதன் பெயர் காவிரிப்பட்டினம். பஸ் பலகையிலும் ஆட்டோக்காரர் வாயிலும் பூம்புகார். அகழாய்வு அறிக்கையில் ஒரு பெயர், கலைக்கூட வாசலில் வேறு பெயர்.

ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பூம்புகார் என்ற பெயர் விரிந்த அளவுக்கு அந்த இடம் விரியவில்லை, சுருங்கிக்கொண்டே வருகிறது. தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் கடைகளுக்குப் பெயர் பூம்புகார். வெண்கல நடராசரும் தஞ்சாவூர்த் தட்டும் அங்கே வாங்கலாம். 1974இல் தொடங்கிய மாநில அரசின் கப்பல் நிறுவனம் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். ஹால்தியாவிலும் பாரதீப்பிலும் ஏற்றிய நிலக்கரியை எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கொண்டுவரும் கப்பல்கள் இந்தப் பெயரில் ஓடுகின்றன. தாய்த் துறைமுகத்திலோ காவிரி ஒரு வாய்க்கால் அளவுக்கு மெலிந்து கடலில் புகுகிறது. பெருவெள்ளம் எல்லாம் கொள்ளிடம் வழியாக வடக்கே போய்விடுகிறது. கடல் கரையைத் தின்றுகொண்டே வருகிறது. கருங்கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரைக்கும் வந்தது. இந்திர விழாவை மறந்ததால் கடல் ஊரைக் கொண்டது என்று மணிமேகலை காரணம் சொல்லும். கரை அரிப்பும் ஆற்றின் போக்கு மாறியதும் மெதுவாகச் செய்த வேலை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

கடலுக்குள் தேடல் நடந்தது 1980களிலும் 90களின் தொடக்கத்திலும். துவாரகையில் வேலை செய்த எஸ்.ஆர்.ராவ் வழிகாட்ட, கோவாவிலுள்ள தேசியக் கடலியல் ஆய்வு நிறுவனமும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் சேர்ந்து முத்துக்குளிப்பவர்களைப் போல மூழ்கித் தேடினார்கள். கரையோரத்தில் செங்கல் கட்டடங்களும் உறைகிணறுகளும் பானையோடுகளும் கிடைத்தன. கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டரில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவில் ஒரு மேடு தென்பட்டது. அது மனிதர் கட்டியதா, இயற்கையாக அமைந்ததா என்ற கேள்விக்கு இன்றுவரை விடையில்லை. அதைப் பிடித்துக்கொண்டு பதினோராயிரம் ஆண்டு, பதினைந்தாயிரம் ஆண்டு என்று பேசுவோர் உண்டு. ஒரு பானையோடோ செங்கலோ கையில் வராமல் வயது சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கீழையூர் மரக்கம்பத்துக்கு உள்ள உறுதியான வயதே நமக்குப் போதிய பெருமை.

அதே தேடலில் இன்னொன்றும் கிடைத்தது. ஒரு கப்பல் மூழ்கிக் கிடந்த இடத்தில் ஈயக் கட்டிகள். அவற்றில் 1791, 1792 என்று ஆண்டு பொறித்திருந்தது. சங்க காலத்து நகரைத் தேடிப் போனவர்களின் கையில் பதினெட்டாம் நூற்றாண்டுக் கப்பல் சிக்கியது. கண்ணகியின் ஊர் என்ற ஒரே பெயருக்குள் இந்தக் கப்பலை எங்கே வைப்பது? ஒரு பெயர் எதைச் சொல்கிறதோ அதைத்தான் அதன் வேலியும் காக்கிறது. பெயர் குறுகினால் வேலியும் குறுகும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அவர்கள் உள்நாட்டுப் போரில் இரும்புக் கவசம் போட்ட போர்க்கப்பல் மானிட்டர் 1862 டிசம்பர் 31 அன்று ஹாட்டரஸ் முனைக்கு அப்பால் மூழ்கியது. 1973இல் கண்டுபிடித்து, 1975இல் அந்தக் கப்பலைச் சுற்றி ஒரு கடல்மைல் விட்டம் அளவுக்கு நாட்டின் முதல் கடல் சரணாலயமாக அறிவித்தார்கள். பிறகு பார்த்தால் அந்தக் கடலடி முழுக்க வேறு கப்பல்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அடித்து மூழ்கடித்த வணிகக் கப்பல்களும், அந்த நீர்மூழ்கிகளில் சிலவும். 2016இல் எல்லையை விரிக்கும் யோசனையைப் பொதுமக்கள் முன் வைத்தார்கள். ஒரே கப்பலின் பெயரில் ஒரு போர்க்களத்தையே எப்படிக் காப்பது என்ற கேள்வி அங்கே அப்போது எழுந்தது. இங்கே நமக்கு அது இப்போதுதான் எழுகிறது.

தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் காவிரிப்பூம்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரை கடலடி ஆய்வு என்று அறிவித்தபோது நான் மகிழ்ந்தேன். ஊரின் பெயரோடு 'முதல்... வரை' என்ற சொற்களும் சேர்ந்துவிட்டன. அந்தக் கரையின் நடுவே தரங்கம்பாடி வருகிறது. அதன் பெயர் வரலாறு இன்னும் சுவையானது. அங்கே கடலோரம் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலைக் குலசேகர பாண்டியன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்தார்கள். கல்வெட்டில் ஊர்ப் பெயர் சடங்கன்பாடி என்ற குலசேகரன்பட்டினம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனியர் டேன்ஸ்போர்க் கோட்டை கட்டினார்கள். அவர்கள் வாயில் ஊர் டிராங்கேபார் ஆனது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இன்று பழைய டேனியர் கோட்டைக்குள் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். கோட்டையைக் காத்தார்கள், தெருக்களைச் சீர்செய்தார்கள். ஆனால் அதற்கு முந்நூறு ஆண்டு மூத்த பாண்டியர் கோயிலின் முன்பகுதியை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது.

இந்தியாவின் 1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டம், 2010இல் திருத்திய பிறகு, காக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரில் எதுவும் கட்டக்கூடாது, அதற்கு மேல் 200 மீட்டரில் அனுமதியோடுதான் கட்டலாம் என்கிறது. இந்த அளவுகள் தரையை நினைத்துப் போட்டவை. ஆறு இடம் மாறுகிற, கரை நகர்கிற ஒரு துறைமுகத்துக்கு எந்தக் கல்லிலிருந்து 100 மீட்டர் அளப்பது? நீரடிப் பண்பாட்டு மரபுக்கென யுனெஸ்கோ 2001இல் கொண்டுவந்த உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை. நூறு ஆண்டு நீரடியில் கிடந்த எதையும் மரபாகக் கொள்ளவேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த ஈயக் கட்டிகளுக்கு அது போதும்.

என் முக்கியமான வாதம் கடலைப் பற்றியது மட்டும் இல்லை. விரிக்கிற எல்லையை மேற்கேயும் விரிக்கவேண்டும் என்கிறேன், ஆற்றின் போக்கைப் பின்னோக்கிப் பிடித்து எங்கள் பகுதி வரைக்கும்.

பட்டினப்பாலையைப் படித்தவர்களுக்குப் புகாரின் தெருவில் குவிந்திருந்த பொருள்கள் நினைவிருக்கும். கடல்வழி வந்த குதிரை, மூட்டை மூட்டையாய் மிளகு, தென்கடல் முத்து, கீழைக்கடல் பவளம், ஈழத்து உணவு. அந்த வரிசையில் மேற்கு மலையின் சந்தனமும் அகிலும் வருகின்றன. அமராவதி அணைக்குத் தண்ணீர் கொண்டுவரும் பாம்பாறு எங்கிருந்து வருகிறது தெரியுமா? மறையூரிலிருந்து. இன்றைக்கும் கேரள வனத்துறை வேலி போட்டுக் காக்கும் இயற்கைச் சந்தனக்காடு அங்கேதான் நிற்கிறது. பட்டினப்பாலையின் சந்தனம் அந்த மரங்களினுடையது என்று நான் சொல்லவில்லை. ஆனால் புகாரின் சரக்குப் பட்டியலில் இருந்த ஒரு பொருள் அதே ஆற்றின் தலையில் இன்னும் வளர்கிறது என்றால், புகாரின் கதையை அதன் வேலியோடு எப்படி முடிப்பது?

எங்கள் ஆற்றுக்கும் ஒரு பழம்பெயர் உண்டு. சங்கப் பாடல்களில் அது ஆன்பொருநை. சேரரின் வஞ்சி அதன் கரையில். கரூரில் ஆற்று மணலைச் சலித்தவர்களுக்கு ரோமானியக் காசுகளும், மாக்கோதை என்றும் கொல்லிப்பொறை என்றும் பெயர் பொறித்த சேரக் காசுகளும் கிடைத்தன. உடுமலைக்குக் கிழக்கே பழனியை ஒட்டிய கலையமுத்தூரில் 1856இல் ரோமானியப் பொற்காசுப் புதையலே கிடைத்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையிலிருந்து வந்து, பொள்ளாச்சி, வெள்ளலூர், கொடுமணல், கரூர் என்று காவிரியைப் பிடித்த பெருவழியின் தடங்கள் இவை.

கொடுமணல் நொய்யல் கரையில் இருக்கிறது. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளும், பச்சைக்கல்லும் சூதுபவளமும் அறுத்து மணி செய்த பட்டறைகளும், பெயர் கீறிய பானையோடுகளும் வெளிவந்தன. பச்சைக்கல் காங்கேயம் பக்கம் படியூரில் கிடைத்தது. ரோமாபுரியின் பிளினி இந்தக் கல்லைப் பற்றி எழுதும்போது இந்தியாவைத் தவிர வேறெங்கும் அரிது என்றார். பதிற்றுப்பத்தில் கொடுமணத்தின் அணிகலனும் பந்தர் என்ற ஊரின் முத்தும் சேர்ந்தே வருகின்றன. பட்டறை ஊரையும் கடற்கரை ஊரையும் புலவர் ஒரே மூச்சில் சொன்னார். நம் பாதுகாப்புப் பட்டியல்தான் பிரித்துப் போட்டது.

நொய்யலை எழுதும்போது கை தயங்குகிறது. திருப்பூரின் சாயப்பட்டறைகள் இந்த ஆற்றை என்ன செய்தன என்பது ஊரறிந்தது. கொடுமணலுக்கு அருகே பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயத்தண்ணீர் தேங்கும் குட்டையானது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான், கழிவுநீரை முழுவதுமாகச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறை வேரூன்றியது. பனியன் தொழிலில் பிழைத்த குடும்பங்கள் எங்கள் சொந்தத்திலேயே எத்தனையோ. அந்தத் தொழிலின் மீது எனக்குக் கோபம் இல்லை, ஆற்றின் மீது துயரம் உண்டு. அன்று நொய்யல் கரையில் மணி செய்து கடலுக்கு அனுப்பினார்கள். இன்று பனியன் தைத்துக் கன்டெய்னர் லாரியில் தூத்துக்குடிக்கு அனுப்புகிறோம், 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயர் பெற்ற துறைமுகத்துக்கு. கடலைப் பார்த்துப் பிழைக்கும் ஊராக நாங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகவே இருக்கிறோம்.

இப்படிப் பல இடங்களை ஒரே பெயரில் சேர்ப்பதைக் கேரளத்தில் செய்துகாட்டினார்கள். 2006இல் தொடங்கிய முசிறி மரபுத் திட்டம் பட்டணம் என்ற ஓர் அகழாய்வுக் குழியோடு நிற்கவில்லை. வடக்குப் பறவூர் யூதர் ஆலயம், கோட்டப்புறம், பள்ளிப்புறம் கோட்டைகள், கொடுங்கல்லூர் எல்லாவற்றையும் ஒரு பழம்பெயரின் கீழ் கோத்து, உப்பங்கழியில் படகு விட்டார்கள். பட்டணம்தான் முசிறியா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், வாதாடட்டும். அந்தப் பெயர் வந்ததால் ஊர்கள் ஒன்றையொன்று தெரிந்துகொண்டன.

என்னைக் கேட்டால், விரிந்த அந்த எல்லைக்குப் புகார் என்றே பெயர் வைக்கச் சொல்வேன். பூம்புகாரும் அதற்குள் அடங்கும், காவிரிப்பட்டினமும் அடங்கும். ஆறு கடலில் புகுகிற நிகழ்ச்சியே பெயராக நிற்கும். எல்லை கீழையூர் துறையிலிருந்து கடலுக்குள்ளும், ஆற்றோடு கரூர், கொடுமணல், படியூர் வரையும் போகட்டும். அவ்வளவு நிலத்துக்கும் வேலி போடச் சொல்லவில்லை. ஒவ்வோர் இடத்திலும் மற்ற இடங்களின் பெயர் எழுதிய பலகை இருக்கட்டும், ஒரே அலுவலகம் பார்த்துக்கொள்ளட்டும்.

வேலி என்றதும் கடலோடிகளின் அச்சம் நியாயமானது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவானபோது அங்கே போய்வந்த மீனவர் குடும்பங்கள் பட்ட சிரமம் இந்தக் கரைக்கும் தெரியும். போன ஆடியில் பூம்புகாரில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரோடு உட்கார்ந்திருந்தேன். "அங்க எங்கெங்க வலை மாட்டும்னு எங்களுக்குத் தெரியும் தம்பி. முன்னாடி கோபுரத்தையும் பனையையும் நேர்கோட்டுல வச்சிப் பாத்துப் போவோம். இப்பதான் ஜிபிஎஸ்" என்றார். வலை மாட்டும் ஒவ்வொரு மேட்டுக்கும் அவர்களிடம் பெயர் இருக்கிறது. தாத்தா பெயர், படகின் பெயர், மாட்டிச் செத்தவரின் பெயர். ஏழு பெயர்களை எழுதிக்கொண்டேன். இவர்களைக் கூட்டத்தில் உட்காரவைக்காமல் கடலில் எந்தக் கோடும் போடக்கூடாது.

அன்று மாலை மேலையூர் கடைமுகத்துக்குப் போனேன். மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்து சில நாள் ஆகியிருந்தது. விவசாயிகள் தூவிய பூ கதவோரம் வாடிக் கிடந்தது. அங்கே இருந்த லஸ்கர் இளைஞர். "எந்த ஊருண்ணே?" என்றார். அமராவதி நகர் என்றேன். "அணை எத்தன அடி நிக்கிது?" தொண்ணூறு அடி அணை, எண்பத்தைந்துக்கு மேல் நிற்பதாகக் காலையில் கேட்டதைச் சொன்னேன். "அப்ப ஆத்துல விடுவாங்க" என்று தலையசைத்துவிட்டு, சாவியை மாட்டி ஒரு ஷட்டரைச் சுற்றத் தொடங்கினார். மூன்று சுற்றுக்குப் பிறகு அடியில் தண்ணீர் சீறியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அது கிழக்கே திரும்புகிற வரை பார்த்தேன். பிறகு கரையோரமாகவே, அதன் கூடவே, கடலை நோக்கி நடந்தேன்.